ஸி ஷெட்லியின் ஒரே சொல்

...தலையை மட்டும் அசைத்துவிடாதே என்று சொல்லிவிட்டுப் போகிறான் கைஸ், எப்படி அசைப்பதாம், இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டைச் செருகி முகத்துக்கு மேல் அந்த வெள்ளைக் கூண்டையும் மாட்டிப் பூட்டியாகிவிட்டது, மூக்கு நுனியில் அரிக்கிறது, அரிக்கத்தான் செய்யும், கூண்டு மாட்டியதும் எல்லாருக்கும் மூக்கு அரிக்கும், அதை எத்தனை பேரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள் ஸிஹெம், "கவலைப்படாதீங்க, கொஞ்ச நேரத்துல மறந்துடும்" என்று... மறக்கவில்லையே. பூட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், வெளியே நின்று கேட்டவரைக்கும் அது பேனா மூடியை மூடுகிற சத்தம்தான், உள்ளே படுத்துக் கேட்டால் யாரோ கதவைச் சாத்துகிறார்கள். துனிஸில் மூளை ஆராய்ச்சிக்கென்று சேர்ந்து, ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் வரைக்கும் வந்துவிட்டாள், இத்தனை பேரை இந்த எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் தள்ளி மூளையைப் படமெடுத்தவள் தான் ஒருநாளும் உள்ளே போனதில்லை, பல்லில் கம்பி கட்டியிருந்தது, கம்பி இருந்தால் படத்தில் பாதி முகம் கருத்துப் போய்விடும், உதவித்தொகை வந்ததும் முதல் வேலையாகப் பல் டாக்டரிடம் ஓடியவள், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வரும் வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கம்பி கட்டிக்கொண்டு திரிகிறாளே என்று கைஸ் கேலி செய்யாத நாள் கிடையாது, போன மாதம்தான் அது கழன்றது, இன்றைக்கு மாட்டிக்கொண்டாள். இயந்திரம் பழுதாகி, பொறியாளர் வந்து என்னவோ மாற்றிவிட்டுப் போயிருக்கிறார், நோயாளியை ஏற்றுவதற்கு முன்னால் நல்ல ஆள் ஒருவரை ஏற்றிச் சரிபார்த்தாக வேண்டும், வருகிறேன் என்ற மாணவன் தொலைபேசியை எடுக்கவில்லை, வெளியே தாழ்வாரத்தில் இன்றைய நோயாளி ஸி ஷெட்லியும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்தாயிற்று, மருத்துவமனைக்காரர்கள் இயந்திரத்தை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதே ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான். கைஸ் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"கம்பி கழட்டியாச்சுல்ல? அப்ப ஏறு."

"நானா?"

"இல்ல, நம்ம புரொபசர் மதாம் நெஜீபாவைக் கூப்பிடட்டுமா? ஞாயித்துக்கிழமை காலையில எழுப்பினா அந்தம்மா நம்ம ரெண்டு பேர் மூளையையும் உருவி ஜாடியில போட்டுடும்."

மேசை நகர்கிறது, நகர்வது தெரியவில்லை, கூரைதான் கால் பக்கமாக ஓடுகிறது, கூரை ஓடி முடிந்ததும் குழாயின் விளிம்பு, அப்புறம் குழாய். இவ்வளவு கிட்டவா? வெளியே இருந்து பார்க்கும்போது தாராளமாக இருந்ததே, ஒரு குழந்தையையும் சேர்த்துப் படுக்க வைக்கலாம் போல. கண்ணுக்கு மேல் சின்னக் கண்ணாடி, அதில் தலைக்குப் பின்னால் இருக்கும் திரை தெரிகிறது, திரையில் ஒரு கூட்டல் குறி, அவள் வரைந்த கூட்டல் குறிதான், அதன் சாம்பல் நிறத்துக்காகக் கைஸோடு ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறாள். கையில் ரப்பர் பந்து, தாங்க முடியாவிட்டால் அழுத்த வேண்டியது, அழுத்தினால் அங்கே மணி அடிக்கும், எல்லாம் நின்றுபோகும். காதடைப்பையும் மீறி கைஸின் குரல் வருகிறது, தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிறவன் மாதிரி, "முதல்ல சும்மா படுத்திருக்கிற படம், குறியைப் பாரு, எதையும் யோசிக்காதே, தூங்கிடாதே, என்னை மனசுக்குள்ள திட்டாதே, திரையில தெரிஞ்சுடும்." முதல் இரண்டும் அவள் எழுதிக் கொடுத்த வாசகம். எதையும் யோசிக்காதே... எழுதும்போது எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாள், எதையும் யோசிக்காமல் இருக்கிற ஒரு மனிதர் உலகத்தில் உண்டா, அப்படி ஒருவர் இருந்தால் அவர் படத்தை எடுத்து என்ன பிரயோஜனம், மனசு தானாக அலைவதைப் பிடிக்கத்தானே இந்தப் படமே. அலையட்டும்.

சத்தம் ஆரம்பிக்கிறது, தகர டப்பாவைக் கம்பியால் அடிப்பது மாதிரி, விட்டு விட்டு, பிறகு விடாமல், இந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டபோது அப்பாவின் வண்டி ஞாபகம் வந்தது, கஸ்ஸரீனுக்கும் துனிஸுக்கும் நடுவே ஆள் ஏற்றி ஓட்டுகிற வெள்ளை வண்டி, சைலன்ஸர் கழன்று தொங்கினாலும் ஓட்டுவார், அதில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் "என் மக மூளை டாக்டர்" என்று சொல்லிவிடுவார், மருத்துவம் வேறு, இது வேறு என்று அவள் எத்தனை முறை விளக்கியும் பயனில்லை. பாதி வழியில் போன் வரும், "ஸிஹெம், இங்க முன் சீட்ல ஒருத்தர், பாவம், பெரிய மனுஷன், ஒரு பக்கமா தலை வலிக்குதாம், என்ன மாத்திரை சொல்லு", "அப்பா, நான் மாத்திரை எழுதித் தர்ற டாக்டர் இல்லப்பா", "தெரியும், தெரியும், சும்மா ஒரு பேரு சொல்லு, ஆறுதலா இருக்கும்." அவர் வண்டியில்தான், இல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்த யாராவது ஒருவர் வண்டியில்தான், அவளுக்கு எண்ணெயும் ஹரீஸா மிளகாய் விழுதும் அம்மா சுட்ட ரொட்டியும் வந்து சேரும், வராத வாரம் இல்லை, அந்த ரொட்டியில் பாதியைத் தின்றவன் கைஸ், அதற்குப் பதிலாகத்தான் கணினியில் நிரல் எழுதக் கற்றுக் கொடுத்தேன் என்பான், அடுத்த மாதம் மொன்ரியாலுக்குப் போகிறான், எல்லாரும் போகிறார்கள், ஆய்வுக்கூடத்தில் அவளோடு சேர்ந்தவர்களில் மிச்சம் அவர்கள் இரண்டு பேர்தான். போகிறவன் தன் மூட்டையைக் கட்டாமல் ஞாயிற்றுக்கிழமை அவளுக்காக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான்... நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதுண்டா அவனிடம்? சொன்னால் கேலி செய்வான். கேலி செய்யட்டுமே.

ஸி ஷெட்லி இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார், கோட்டுப் பொத்தானை இடது கையால் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருப்பார், மனைவி உதவிக்கு வந்தால் தட்டிவிடுவார். மூன்றாவது தடவையாக வந்திருக்கிறார், இதுதான் கடைசி, பக்கவாதம் வந்த கையோடு ஒரு படம், நடுவில் ஒன்று, ஒரு வருஷம் ஆனதும் ஒன்று, மூன்றும் இருந்தால்தான் மூளையின் இடது பக்கம் செத்துப்போன பேச்சு எங்கே போய் முளைக்கப் பார்க்கிறது என்று காட்ட முடியும், இல்லாவிட்டால் அந்த அத்தியாயமே நிற்காது. அவரோடு சேர்ந்த மற்றவர்களில் சிலர் இறந்துபோனார்கள், சிலரைப் பிள்ளைகள் வெளிநாட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள், ஒருவர் இனி வரமாட்டேன் என்று போனை வைத்துவிட்டார், மூன்றாவது படம் கிடைக்காமலே நின்ற வரிசைகள்தான் அதிகம். நேற்றுகூட மதாம் நெஜீபா நான்கு குரல் செய்தி அனுப்பியிருந்தார், எல்லாவற்றிலும் பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம், "ஸிஹெம், அந்த வாத்தியார் வர்றாருல்ல? போய்க் கூட்டிட்டு வா, தேவைன்னா என் காரை எடுத்துக்கோ, அவரு வரலன்னா நாம ரெண்டு பேரும் சேர்ந்து அழலாம்." மதாம் அப்படித்தான், திட்டுவார், காரைக் கொடுப்பார், இந்த ஞாயிற்றுக்கிழமைகளை வாங்குவதற்கே மருத்துவமனை இயக்குநரின் அறை வாசலில் கையில் ரொட்டிச் சுருளோடு காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருந்தவர், "பேராசிரியை இப்படித் தரையிலயா உக்காரறது?" என்று கேட்ட காவலாளியிடம் "நாற்காலி கொண்டாந்து போடு, இன்னும் நல்லா உக்காருவேன்" என்றாராம்.

அரபி இலக்கண வாத்தியார் ஸி ஷெட்லி, 'ஸி' என்றால் ஐயா, பாப் ஸுவைக்கா பக்கத்துப் பள்ளியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அவரிடம் அடி வாங்கியிருக்கிறார்கள். வகுப்பில் தெருப்பேச்சு ஆகாது, எவனாவது ஒருவன் வாய் தவறி 'பாஹி' என்றுவிட்டால் காதைத் திருகிக் கரும்பலகைக்கு இழுத்துப் போவாராம், சரி, நல்லது, ஆகட்டும் என்பதற்கெல்லாம் ஏட்டு அரபியில் எத்தனை அழகான சொற்கள் இருக்கின்றன, அத்தனையும் எழுதிவிட்டுத்தான் உட்கார வேண்டும். அப்படிப்பட்டவரின் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, ஒரு காலை நேரம், சவரம் செய்துகொண்டிருக்கும்போது, கத்தி கைநழுவித் தொட்டியில் விழுந்தது, நிமிர்ந்து மனைவியைக் கூப்பிட வாய் திறந்தார், வந்தது ஒரே சொல், "பாஹி." அன்றிலிருந்து அந்த ஒன்றுதான். எல்லாம் புரியும் அவருக்கு, செய்தித்தாள் பார்ப்பார், எதிராளி தப்பு அரபி பேசினால் முகம் சுளிப்பார், ஆனால் பசிக்கும் பாஹி, வலிக்கும் பாஹி, பேரப்பிள்ளை பெயருக்கும் பாஹி. அவர் மனைவி லல்லா மன்னூபியா முதல் சந்திப்பிலேயே ஸிஹெமின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "என் ஈரலே, நீ கவலைப்படாதே, இவரோட பாஹி எல்லாம் எனக்குப் பாடம். இது தண்ணி வேணும்கிற பாஹி." தண்ணீர் வந்தது. ஸி ஷெட்லி தம்ளரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், இடது கையால் தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டு ஜன்னலைக் காட்டினார், ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருக்கிறார் மனிதர். "பாத்தியா," என்றார் லல்லா மன்னூபியா கொஞ்சமும் அசராமல், "முன்னாடியும் இப்படித்தான், ஒண்ணுகூட நேரா சொல்லமாட்டாரு."

சத்தம் மாறுகிறது, இப்போது தகரம் இல்லை, துளை போடுகிற சத்தம், பல்லில் அதிர்கிறது, கம்பி இல்லாத பல்லில். கூட்டல் குறியைப் பார்... பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், குறி கொஞ்சம் மங்குகிறது, மூச்சுக்காற்று கூண்டில் பட்டுத் திரும்பி முகத்தில் வந்து விழுகிறது, இதே காற்றைத்தான் திரும்பத் திரும்ப இழுக்கிறோமோ, இல்லை, விசிறி ஓடுகிறது, தெரியும், விசிறியின் வேகத்தைக்கூடச் சொல்வாள், ஆனாலும் நெஞ்சு கேட்கவில்லை, அது தன்பாட்டுக்கு அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. கையைத் தூக்கினால் குழாய் இடிக்கும். தூக்காதே. தூக்க முடியாது என்று தெரிந்ததும் தூக்க வேண்டும் போல் ஒரு வெறி, எழுந்து உட்கார வேண்டும், இப்போதே, இப்போதே, நெற்றியில் வேர்க்கிறது, ஒரு துளி புருவத்தில் இறங்கி நிற்கிறது, துடைக்கக் கை இல்லை... இது ஒன்றுமில்லை, அமிக்டலா, பாதாம்பருப்பளவு, பயத்தின் வீடு, முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டிப் பாடம் எடுத்திருக்கிறாள், பெயர் தெரிந்தால் பயம் போய்விடுமா என்ன, பெயர் பாட்டுக்கு ஒரு பக்கம், பயம் பாட்டுக்கு ஒரு பக்கம். பெருவிரல் பந்தின் மேல் இருக்கிறது. அழுத்து. அழுத்தினால் மணி அடிக்கும், கைஸ் ஓடி வருவான், எல்லாம் முதலிலிருந்து, நேரம் போய்விடும், பகலில் அவசர நோயாளிக்கு இயந்திரம் வேண்டும் என்பார்கள், ஸி ஷெட்லிக்கு நேரம் இருக்காது, அத்தனை தூரம் ட்ராமில் நின்றுகொண்டு வந்தவர்... அழுத்தாதே. சத்தம் சட்டென்று நிற்கிறது, கைஸ், "முதல் படம் முடிஞ்சுது. நல்லா இருக்கியா? பயமா ஒண்ணும் இல்லையே?" வாய் திறக்கிறாள், நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுத்துவிடு கைஸ், என்னை வெளியே எடுத்துவிடு என்று சொல்லத்தான் திறந்தாள், காதில் விழுகிறது தன் குரல்,

"பாஹி."

யார் சொன்னது அது? தான்தானே. பாஹி என்றால் நல்லது, பாஹி என்றால் சரி, அவளுக்கு ஒன்றும் நல்லதாக இல்லை, ஒன்றும் சரியாக இல்லை, இருந்தும் அந்தச் சொல்தான் வந்தது, ஓர் ஊரே பேசுகிற சொல் வாயிலேயே குடியிருந்து, கூப்பிடும் முன்னே முதலில் ஓடி வந்து நிற்கிறது, "சூப்பர், அடுத்தது கொஞ்சம் நீளம்" என்கிறான் கைஸ், அவனுக்கு என்ன தெரியும், திரும்பவும் துளை போடும் சத்தம்... அப்படியென்றால் அன்றைக்கு? இரண்டாவது படம் எடுத்த நாள், வெயில் காலம், ஸி ஷெட்லி உள்ளே இருந்தார், பாதியில் மைக்கில் அவர் குரல் வந்தது, "பாஹி... பாஹி, பாஹி... பாஹி", ஒன்றன் பின் ஒன்றாக, மெதுவாக, அவளும் கைஸும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், எவ்வளவு நல்ல மனிதர் பார், நமக்குத் தைரியம் சொல்கிறார் என்றாள் அவள், தைரியம் சொல்கிறாராம், வெளியே குளிர்சாதனம் ஓடும் அறையில் காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவளுக்கு. மேசை வெளியே வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு நனைந்திருந்தது, போர்வை கனம் போல என்று நினைத்தாள், அடுத்த முறை மெல்லிசாக ஒன்று கொண்டுவர வேண்டும் என்று நினைத்தாள், ஆமாம், இன்றைக்கு மறக்காமல் மெல்லிசுப் போர்வை கொண்டுவந்திருக்கிறாள்!

பந்து அவர் கையில்தான் இருந்தது, நல்ல கையில், இடது கையில், அவளே உள்ளங்கையைத் துடைத்துவிட்டு வைத்தாள், "தாங்க முடியலன்னா அழுத்துங்க ஸி ஷெட்லி, உடனே நிறுத்திடுவோம், ஆனா நிறுத்தினா முதல்லேர்ந்து எடுக்கணும்" என்றும் சொல்லியிருந்தாள், அவர் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டார், புரிந்தது, மனிதருக்கு எல்லாம் புரியும். அழுத்தவில்லை. அந்த விரலுக்கு அடியில் பந்து இருந்தது, இதோ என் விரலுக்கு அடியில் இருக்கிற இதே பந்து, அழுத்தினால் விடுதலை, அழுத்தாமல் படுத்திருந்தார், மைக்கில் அவர் யாரிடம் பேசிக்கொண்டிருந்தார், எங்களிடமா, வெளியே எடுங்கள் என்றா, அல்லது தன்னிடமேயா, பொறுத்துக்கொள், இதோ ஆயிற்று, இதோ ஆயிற்று என்று, வகுப்பில் அழுகிற பிள்ளைக்குச் சொல்வது மாதிரி... எதற்காக? இதில் அவருக்கு என்ன? இந்தப் படம் அவர் நாக்கைத் திருப்பித் தராது, முதல் நாளே சொல்லிவிட்டாள், ஆராய்ச்சி வேறு, சிகிச்சை வேறு, உங்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது, எங்களுக்குத்தான், அப்புறம் என்றைக்காவது உங்களைப் போல வேறு யாருக்காவது. "பாஹி" என்றார். அவள் குனிந்து இடத்தைக் காட்டினாள், இடது கையால் கையெழுத்துப் போட்டார், கோணல் மாணலாக, போட்டுவிட்டுத் தன் எழுத்தைத் தானே பார்த்து முகம் சுளித்தார்.

கண்ணோரத்தில் தண்ணீர் இறங்குகிறது, காதடைப்பு வரைக்கும் போகிறது, அசையக்கூடாது, அழுதால் தலை அசையும், படம் கெடும், அழாதே. எத்தனை பேர் இப்படி இந்த இடத்தில் படுத்திருந்தார்கள், பஸ் பிடித்து வந்து, பேத்தியின் கல்யாணத்தை விட்டு வந்து, ரமளானில் நோன்போடு வந்து, தாலித்தகடு மாதிரி கழுத்திலேயே கிடந்த தாயத்தைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "பத்திரம் மகளே" என்று மட்டும் சொல்லிவிட்டு... பயந்திருப்பார்கள், ஒவ்வொருவரும், ஒருவர்கூட அவளிடம் பயமென்று சொன்னதில்லை, வெளியே வந்ததும் அவளுக்காகத் துஆ செய்தார்கள், பாஸாகணும், நல்ல மாப்பிள்ளை அமையணும் என்று. லல்லா மன்னூபியா மக்ரூத் டப்பாவோடுதான் வருவார், பேரீச்சம்பழம் அடைத்த ரவைத் துண்டு கையில் ஒட்டும், கணினித் தட்டெல்லாம் தேன், இன்றைக்கும் கொண்டுவந்திருக்கிறார், டப்பாவைக் கொடுக்கும்போது "பெரிசா இருக்கறதை நீ எடுத்துக்கோ, அந்தப் பையன் பாக்கறதுக்கு முன்னாடி" என்று காதோடு சொன்னார். இவர்கள் தந்ததுதான் தன் படிப்பு, இவர்களுடைய பயத்தின் மேல் ஏறி நின்றுதான்... நெஞ்சு இன்னும் அடிக்கிறது, ஆனால் இப்போது வேறு மாதிரி, ஓடிக் களைத்தவன் நிழலில் நின்று மூச்சு வாங்குவது மாதிரி, பயம் எங்கேயும் போகவில்லை, பக்கத்தில்தான் படுத்திருக்கிறது, அதற்கும் கொஞ்சம் இடம் விட்டு அவளும் படுத்திருக்கிறாள். குறி தெளிவாகத் தெரிகிறது. சாம்பல் நிறம் சரியாகத்தான் இருக்கிறது, கைஸ் சொன்னது தப்பு.

மேசை வெளியே வந்தது, கூரை தலைப்பக்கமாக ஓடித் தன் இடத்தில் போய் நின்றது, கூண்டு கழன்றது, வெளிச்சம். உட்காரும்போது கைஸ் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"படம் பளிச்சுன்னு வந்திருக்கு. உள்ள மூளை இருக்கு, மதாம்கிட்ட தைரியமா சொல்லிடலாம்." அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "என்ன ஆச்சு ஸிஹெம்?"

"பயந்துட்டேன்."

"பாஹின்னியே?"

"ஆமா," என்றாள். "சொன்னேன்ல." மேசையிலிருந்து இறங்கி நின்றாள், "கைஸ், நீ இன்னிக்கு வந்ததுக்கு நன்றி. இதுக்கு மட்டும் இல்ல." கைஸ் கேலி செய்யவில்லை, திரும்பிப் போய்க் கணினியில் என்னவோ தட்ட ஆரம்பித்தான், அவன் காது மடல் சிவந்திருந்தது, இவ்வளவு சின்ன வார்த்தைக்கா, இதைப் போய் இத்தனை நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தோமா...

தாழ்வாரத்தில் வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது, பெஞ்சில் ஸி ஷெட்லி கோட்டைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, குழாய்க்குள் இரும்பு ஆகாதென்று பெல்ட்டின் கொக்கியை இடது கையால் பாதி எடுத்திருந்தார், லல்லா மன்னூபியா அவருடைய கடிகாரத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தார், கோடியில் காவலாளி நாற்காலியில் அரைத்தூக்கம். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று ஒன்றும் தயாரித்துக்கொள்ளாமல் வந்துவிட்டாள், அவர் எதிரே தரையில் குந்தி உட்கார்ந்தாள், மேலே நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது, நல்லதுதான்.

"ஸி ஷெட்லி, நான் இப்பதான் அதுக்குள்ள போயிட்டு வர்றேன். முதல் தடவை."

அவர் பார்த்தார். கண் அவள் ஈரமான காதோரத்தில் போய் நின்றது.

"எனக்கு ரொம்பப் பயமா போச்சு. போன தடவை நீங்க உள்ள இருந்தப்ப விடாம பேசினீங்களே, நான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன். உள்ள பயந்துட்டீங்களா? இருந்தும் பந்தை அழுத்தாம இருந்தீங்க, அதை நான் என்னன்னு சொல்றது... இன்னிக்கும் போகணுமா, சொல்லுங்க. உங்களுக்குப் பிடிக்கலைன்னா வேண்டாம். நிஜமாத்தான் சொல்றேன். எனக்கு ஒண்ணும் முழுகிப் போயிடாது."

முழுகத்தான் போகும், அத்தியாயம், கோடைக்குள் முடிக்க வேண்டிய ஆய்வேடு, மதாமின் பாத்திரச் சத்தம், எல்லாம், ஆனால் சொல்லும்போது அது பொய்யாகப் படவில்லை. லல்லா மன்னூபியா, "பயமா? இவருக்கா? ஊரையே நடுங்க வெச்ச மனுஷன்" என்று தொடங்கியவர் கணவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் வாய் திறந்திருந்தது. உதடு பழகிய வழியில் குவிந்தது, அந்தப் 'பா'வுக்குக் குவிந்தது, அது வேண்டாம் என்பது போல் திரும்ப விரிந்தது, நாக்கு மேலே எழும்பிப் பல்லின் பின்னால் தேடியது, கழுத்து நரம்பு புடைத்தது, ஸிஹெம் உதவிக்கு ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"லா," என்றார் ஸி ஷெட்லி.

இல்லை என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் அரபியில் அந்த ஒரே லா. அவரே திடுக்கிட்டுப் போனார், வாயில் ஏதோ பூச்சி விழுந்தவர் போலக் கையை உதட்டுக்குக் கொண்டுபோனார், பிறகு கையை எடுத்துவிட்டு, இந்த முறை வாத்தியார் குரலில், நெடிலை நீட்டி, "லா...!"

லல்லா மன்னூபியாவின் கைக்குட்டை விழுந்தது, கடிகாரம் தரையில் உருண்டது, அந்த அம்மா தலையைப் பின்னால் சாய்த்துப் போட்ட குலவையில் காவலாளி நாற்காலியோடு எழுந்துவிட்டான், கைஸ் கதவைத் திறந்துகொண்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடிவந்தான், லல்லா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, கணவரின் தோளில் அடித்தார், "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எதைக் கேட்டாலும் இதைத்தானே சொன்னீங்க, இத்தனை வார்த்தையில இதுதானா உங்களுக்குத் திரும்பி வரணும்? சொல்லுங்க, இன்னொரு தடவை சொல்லுங்க, என்கிட்ட சொல்லுங்க!" அவர் மனைவியின் முகத்துக்கு நேராக, மிகுந்த மரியாதையோடு, "லா" என்றார், அந்த அம்மா அதை வரம் மாதிரி வாங்கிக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸிஹெமுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், மைக் இல்லை, கருவி இல்லை, பதிவு செய்ய ஒன்றும் இல்லை, ஒரு வருஷமாக அவள் காத்திருந்த சொல் ஒரு தாழ்வாரத்தில், யாரும் பரிசோதிக்காத நேரத்தில், பெல்ட் பாதி கழன்ற நிலையில் வந்து நின்றுவிட்டது, இறைவா, இதைப் பார்க்க நான் இங்கே இருந்தேன், வேறு எங்கேயும் போகாமல் இங்கே இருந்தேன்.

கைஸ் குனிந்து அவள் காதில், "எல்லாம் ரெடி. ஏத்தலாமா, வேண்டாமா?" என்றான்.

வேண்டாம் என்றுதானே அவர்... இல்லை, இரு. பயந்தீர்களா என்று கேட்டாள். அதே மூச்சில் இன்றைக்கும் போகணுமா என்றும் கேட்டாள். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும் என்பது முதல் வருஷப் பாடம், இரண்டையும் சேர்த்துக் கேட்டுவிட்டாள், அவர் ஒரு 'லா' சொல்லியிருக்கிறார். பள்ளியில் படித்திருக்கிறாள், எல்லாப் பிள்ளைகளும் படித்ததுதான், 'லா'வில் வகை உண்டு, நடந்ததை மறுக்கிற லா ஒன்று, நடக்காதே என்று தடுக்கிற லா ஒன்று, எழுத்து ஒன்றுதான், இடம்தான் வேறு. இது எந்த லா? பயமில்லை என்றா, இனி அந்தக் குழாய்க்குள் என்னைத் தள்ளாதே என்றா? ஸி ஷெட்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு புருவத்தைத் தூக்கி, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் வாத்தியாரைப் போல, பெல்ட்டின் கொக்கி அவர் கையில் அப்படியே இருந்தது, மாட்டவும் இல்லை, உருவவும் இல்லை. தெரியவில்லை என்று தலையை அசைத்தாள் ஸிஹெம், முகமெல்லாம் ஈரம், தெரியவில்லை, இவ்வளவு படித்தும் தெரியவில்லை, திரும்பத்தான் கேட்க வேண்டும், ஒவ்வொன்றாக, நிதானமாக, இனி கேட்டால் இரண்டு விதமாகப் பதில் சொல்ல அவரிடம் சொல் இருக்கிறது... எதை முதலில் கேட்பது?